ரவை, மண்டி, வண்டி

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடித்தனம். என் மாமனாரின் ஆட்கள் தறி நெய்தவர்கள். தறியை விட்டுக் கடை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டாலும் வீட்டுக்குள் பேச்சு மட்டும் தெலுங்குதான். வியாபாரத்துக்குத் தமிழ், சோற்றுக்கும் சண்டைக்கும் தெலுங்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

நான் பாலவனத்தத்துக்காரி. விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். விருதுநகருக்கு வேலைக்குப் போய்வந்த பஸ்ஸில் இவரைப் பார்த்தேன், பழகினேன், கட்டிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள், பிறகு சேர்ந்து பந்தி போட்டார்கள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. மாமனாரும் மாமியாரும் என்னைத் தங்கமாக வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பிரச்சினையே அதுதான்.

நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் அத்தை பேசிக்கொண்டிருந்த தெலுங்கு பாதியில் நிற்கும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "வாம்மா, என்ன வேணும்மா?" என்பார். கால் கிலோ துவரம்பருப்பு வாங்க வருகிற பெண்ணிடமும் அத்தை இதே சிரிப்போடு, இதே குரலில், இதே 'ம்மா'வோடுதான் பேசுவார். பெற்ற மகனிடம் அந்தக் குரலே வேறு. திட்டுவார், கேலி செய்வார், பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியை முறைப்பார், சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பார். எனக்கு ஒரு தட்டும் ணங்கென்று வந்ததில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பிறகும் நான் அந்த வீட்டில் சாமான் வாங்க வந்தவளாகவே இருந்தேன். இதை வெளியே சொன்னால், மாமியார் திட்டவில்லை என்று அழுகிற மருமகளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு அழுகை வந்தது உண்மை.

எனக்குக் கோபமும் பொசுக்கென்று வரும். ஒரு புதன்கிழமை காலையில் அது வந்தே விட்டது.

அன்றைக்கு மாமனாரும் மாமியாரும் திருச்சுழிப் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் அக்காவும் அவர் வகையறாவும் சேலத்திலிருந்து வேன் பிடித்து நேரே கோயிலுக்கு வருகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுவார்கள் என்று பேச்சு. கடையைப் பார்த்துக்கொள்ள நான் அலுவலகத்தில் லீவு சொல்லியிருந்தேன். காப்பி குடிக்கும்போது மாமனார் அத்தையிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"என்ன மாமா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா" என்றார் மாமனார், தமிழில்.

சும்மாவுக்கா ஒரு மனுஷிக்குப் புரையேறும்? நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மாமா, இன்னைலருந்து என்கிட்ட யாரும் தமிழ்ல பேசக்கூடாது. தெலுங்குலதான் பேசணும். எனக்கு எல்லாம் புரியும்."

"எல்லாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாந்தான். ஒரு வருசமா காதுல பஞ்சையா வச்சிருந்தேன்?"

அத்தை அந்தக் கடைச் சிரிப்போடு, "எதுக்கும்மா உனக்குச் சிரமம்?" என்றார். எனக்கு இன்னும் ஏறியது. தமிழில் பேசினால் பதிலே சொல்லமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். மாமனார் சட்டைப் பித்தானைப் போட்டபடி என் பக்கம் திரும்பினார். அவர் எதையும் வியாபாரமாகத்தான் பேசுவார்.

"சரிம்மா. இன்னைக்கு ஆரம்பிப்போம். ஆனா ஒரு பேச்சு. உனக்குப் புரியாம ஏதாவது ஏறுக்குமாறாச்சுன்னா மறுபடி தமிழுக்கே வந்துருவோம். அப்புறம் நீ வருத்தப்படக்கூடாது."

"ஆகாது மாமா" என்றேன் வீராப்பாக. எனக்குத் தெரிந்த தெலுங்கு, சாப்பாட்டுச் சொற்களும் வா, போ, வை, எடு என்பதும், அத்தை மகனைத் திட்டும்போது பொறுக்கிய சில அருமையான வசவுகளும்தான். எண்கள் எனக்குப் பத்துக்குமேல் தெரியாது. அதை அவரிடம் ஏன் சொல்லவேண்டும்?

பகலெல்லாம் கடையில் நல்ல வியாபாரம். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு மாமனாரிடமிருந்து போன் வந்தது. கோயில் மணி அடிக்கிறது, நான்கைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகின்றன, சிக்னல் வேறு விட்டுவிட்டு வருகிறது. அந்த இரைச்சலுக்குள்ளும் மனிதர் பேச்சுத் தவறாமல் தெலுங்கில் சொன்னார்.

"ரவை மண்டி ஒஸ்தாரு. வண்டி பெட்டு."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. அதற்குப் பிறகு கரகரவென்று ஒரு சத்தம், இணைப்பு போய்விட்டது.

எனக்கு ஒரே பெருமை. ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டதே. ரவை தெரியும், கடையில் விற்கிறோம். மண்டி தெரியும், வாரா வாரம் அருப்புக்கோட்டை மண்டியிலிருந்துதான் எங்களுக்கு லோடு வருகிறது. வண்டி தெரியாதவர் யார்? 'ஒஸ்தாரு' என்பது வருகிற சமாச்சாரம். 'பெட்டு' என்றால் வை. ஆக, மண்டியிலிருந்து வண்டியில் ரவை வருகிறது, இறக்கி வை. தெலுங்கு இவ்வளவு லேசான மொழியா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்கா ஒரு வருஷம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்கள்?

ரவை மூட்டையை எறும்பு அண்டாத இடத்தில்தான் வைக்கவேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற நீளக் கூடத்தை ஒழித்தேன். வெங்காய மூட்டைகளை ஓரமாக இழுத்தேன், எண்ணெய் டின்களை அடுக்கினேன், தரையைக் கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, காய்வதற்கு மின்விசிறியைச் சுழலவிட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. விருதுநகரிலிருந்து வருகிற பஸ்ஸில் பாலவனத்தத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேணாம். ரவை லோடு வருது, வந்து இறக்குங்க. மாமா போன் பண்ணாரு. தெலுங்குலயே சொன்னாரு, நான் முழுசாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"ரவையா? போன வாரந்தான ரெண்டு மூட்டை இறக்குனோம். அவரு என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லு."

"ரவை மண்டி ஒஸ்தாரு. வண்டி பெட்டு."

பஸ்ஸின் இரைச்சலுக்குள் அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரவையா, இரவையா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"அடியே, இரவைன்னா இருபது. மந்தின்னா ஆளு. மண்டி இல்ல, மந்தி. வண்டி பெட்டுன்னா சமைச்சு வையின்னு அர்த்தம். இருபது பேரு வாராக, சமைச்சு வைன்னு சொல்லியிருக்காரு."

நான் துடைத்து வைத்திருந்த கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமனாருக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது ஒரு பெண் குரல். வீட்டில் மத்தியானம் வடித்த சோறு ஒரு கிண்ணம் இருந்தது, கொஞ்சம் புளிக்குழம்பு இருந்தது. மாமனாரின் அக்கா எங்கள் கல்யாணத்துக்குக்கூட உடம்பு சுகமில்லை என்று வரமுடியாமல் போனவர். நான் வந்த பிறகு முதல்முதலாக எங்கள் வீட்டு வாசல் மிதிக்கிறார். இருபது பேர் பசியோடு இறங்கும்போது, நான் கூடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன், பாருங்கள் என்றா சொல்வது? அதைவிட மோசம், நாளைக் காலையிலிருந்து அந்த வீட்டில் மறுபடியும் தமிழ்தான். 'என்ன வேணும்மா'தான். சாகிறவரை நான் கால் கிலோ பருப்பு வாங்க வந்தவள்தான்.

"பதறாத. கோயில்ல பூஜை முடிஞ்சுதான் கிளம்புவாக, நேரம் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், மறுபடி போனில். "நான் பஸ் ஸ்டாண்டுல பரோட்டா கட்டிட்டு வாரேன்."

"பரோட்டாவா? வீட்டுல ஒருத்தி இருந்தும் கடைல வாங்கி வச்சான்னு சொல்லவா? நீங்க தயிரும் வாழையிலையும் மட்டும் வாங்கிட்டு வாங்க. இந்த ரவை விஷயம் உங்க வாயில இருந்து வெளிய வந்துச்சு, அப்புறம் நான் உங்ககூட தமிழும் பேசமாட்டேன், தெலுங்கும் பேசமாட்டேன்."

சத்தியம் செய்தார். சிரித்துக்கொண்டே செய்தார், அதை நான் கவனிக்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

மளிகைக் கடை வீட்டில் அரிசி பருப்புக்குப் பஞ்சமில்லை. இருபது பேருக்கு ஆக்குகிற ஏனம்தான் இல்லை. நேரே அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அடுத்த வீட்டு அக்கா வீரசோழத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், கை நிறையச் சொந்தம் உள்ளவர். நோன்பு, பெருநாள் என்று வந்தால் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் புகையைப் பார்க்கலாம். ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் போல ஒரு தேக்சா வைத்திருக்கிறார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கறி இருக்கா?"

"கோயிலுக்குப் போயிட்டு வாராக அக்கா. கறி ஆகாது. தக்காளிச் சோறு போட்டுரலாம்னு பார்க்கேன்."

"கறி இல்லாம என் தேக்சா அழுகும் புள்ள" என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே தேக்சாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மறு காதை நான் பிடித்தேன்.

தேக்சா எங்கள் கேஸ் அடுப்பில் உட்காராது. பின்புறம் மூன்று கல்லைப் போட்டுக் கருவேல விறகை அடுக்கினோம். எங்கள் சீமையில் மழை வராது, கருவேலம் மட்டும் கேட்காமலே வரும்; அன்றைக்கு அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. காய்ந்த விறகு, வைத்த உடனே பிடித்துக்கொண்டது. அக்கா தன் வீட்டு அரிவாள்மனையையும் எடுத்து வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கடையிலிருந்து வெங்காயத்தைக் கூடையோடு தூக்கிவந்து கொட்டினேன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அரிந்தோம், ஆளுக்கொரு பக்கம் அழுதோம்.

"நீ வெங்காயத்துக்கு அழுகுறியா, மாமியாருக்கு அழுகுறியா?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டுக்குந்தான் அக்கா."

"நல்லது. ஒரே செலவுல முடிஞ்சுரும்."

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, சோம்பு போட்டேன். அது பொரிகிற வாசனை எழுந்தவுடன் எனக்குப் பாதித் தைரியம் வந்துவிட்டது. வெங்காயம் விழுந்தது, பச்சை மிளகாய் விழுந்தது. அக்கா வீட்டு இஞ்சி பூண்டு விழுதைக் கிண்ணத்தோடு வழித்துப் போட்டோம். கடையில் நாளைக்கு விற்கவேண்டிய தக்காளி முழுவதும் அரிந்து உள்ளே போனது. அது குழைந்து, எண்ணெய் பிரிந்து, தேக்சாவின் ஓரத்தில் சிவப்பாகக் கொப்பளிக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரர் தயிர்ப் பையும் இலைக்கட்டுமாக வந்து சேர்ந்தார். வந்தவர் தேக்சாவைப் பார்த்தார், கண் சிவந்து நிற்கிற எங்கள் இருவரையும் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தயிருக்கு வெங்காயம் அரிய உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை நான் கட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

தண்ணீர் வைக்கும்போது எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அவர் பிரியாணிக் கணக்குச் சொல்கிறார், நான் வீட்டுச் சோற்றுக் கணக்குச் சொல்கிறேன்.

"உன் கணக்குல ஊத்துனா கஞ்சிதான் வரும். இருபது பேருக்கும் டம்ளர்ல ஊத்திக் குடு" என்றார். அவர் சொன்ன அளவையே ஊற்றினேன். கொதி வந்ததும் அரிசியைப் போட்டோம். உப்புப் பார்க்க ஆளுக்கொரு சொட்டு உள்ளங்கையில் விட்டோம். எனக்குச் சரியாக இருந்தது, அக்காவுக்குக் கம்மி, இவருக்கு அதிகம். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூடியைப் போட்டுவிட்டோம். அக்கா அடுப்பைத் தணித்து, நெருப்புக் கங்குகளை அள்ளி மூடியின்மேல் பரப்பினார்.

பரப்பிய கையோடு வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

தேக்சாவைத் திறந்து பார்க்கலாமா என்று மூடியின் பக்கம் கையை நீட்டினேன். "தொட்ட, கையை ஒடிப்பேன்" என்றார் அக்கா.

இருபது என்றுதான் மாமனார் சொன்னார். இறங்கியவர்களை எண்ணினால் அதற்குமேலும் இருந்தார்கள். மடிக் குழந்தைகளையும் டிரைவரையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை போல. மத்தியானக் கோயில் சோறு பத்தாமல் போய், வழியில் ஒரு ஓட்டலும் திறந்திருக்காமல், பிள்ளைகள் வாடிப்போய் வந்தன. கடைசியாக மாமனாரின் அக்கா இறங்கினார். மெலிந்த உடம்பு, கூரான கண். அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்ட மாமனார் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். சமைத்திருக்கிறாளா, இல்லையா? வாயைத் திறந்து கேட்க அவருக்குப் பயம். நான் தலையை ஆட்டினேன். அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சோறு புழுங்க இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். பிள்ளைகள் அதுவரை தாங்காது. நான் கடைக்குள் போய்க் காராச்சேவுப் பாட்டிலை எடுத்து வந்து, நீட்டிய கையிலெல்லாம் அள்ளி அள்ளி வைத்தேன். மாமனார் அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு பிடி சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. அத்தை கூடத்துக்குள் நுழைந்தவர், மூட்டைகள் ஓரமாகி, தரை பளபளவென்று இருப்பதைக் கண்டு திகைத்துவிட்டார். விருந்துக்கு இடத்தைக்கூட ஒழித்து வைத்திருக்கிறாளே என்று அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. நான் அதை மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவேண்டும்?

இலை விரித்தோம், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியால் ஓரத்தைக் கிளறிப் பார்த்தால், சோறு பொலபொலவென்று தனித்தனியாக, சிவந்த நிறத்தில் விழுகிறது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும் போல இருந்தது, கையில் கரண்டி இருந்ததால் ஆடவில்லை.

முதல் சுற்று பரிமாறியபோது கூடத்தில் பேச்சே இல்லை. இரண்டாவது சுற்றில்தான் பேச்சு வந்தது. இருபதுக்குமேல் வாய்கள், எல்லாமே தெலுங்கு. தயிர் வெங்காயம் இந்தப் பக்கம், ஊறுகாய் அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், போதும் போதும். அத்தனையும் எனக்குப் புரிந்தது, சத்தியமாகப் புரிந்தது. சாப்பாட்டுத் தெலுங்கில் நான் கெட்டி. மாமனாரின் அக்கா மூன்றாவது முறையும் இலையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தார். சந்தோஷம் தலைக்கேறிய மனிதர் எதையாவது உளறுவார் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

உளறினார். எனக்குப் பெரியம்மா முறையாகிற மாமனாரின் அக்கா, இவ்வளவு சீக்கிரத்தில் எப்படி ஆக்கினாள் என்று கேட்டார். அவர் கேட்டதுதான் தாமதம், இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கைகால் ஆட்டி நடித்துக் காட்டிவிட்டார். ரவையை, மண்டியை, வண்டியை, நான் கூடத்தைத் துடைத்ததை, நடுவில் உட்கார்ந்துவிட்டதை, ஒன்றையும் விடவில்லை. கூடமே அதிர்ந்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் இலையிலேயே சாயப் பார்த்தார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் புரியவேண்டும் என்று தமிழில் கேட்டார்.

"ஏம்மா, 'ஒஸ்தாரு'ன்னா மருவாதியா 'வாராக'ன்னுல்ல அர்த்தம். ரவைக்கு எதுக்கும்மா மருவாதி? ரவை என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவரை முறைத்துக்கொண்டே சிரித்தேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு மாமனார் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

"சரி விடும்மா. நீ ஒண்ணும் சங்கடப்படாத. நாளைலருந்து பழையபடி உனக்குத் தமிழ்லயே சொல்லிர்றோம்."

அவ்வளவுதான். மறுபடியும் 'என்ன வேணும்மா'தான். எல்லாரும் எழுந்து கை கழுவப் போனார்கள். நான் எதையோ எடுக்கப் போகிறவள் போலப் பின்புறம் வந்துவிட்டேன். அடுத்த வீட்டு அக்கா தன் பங்கைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தார். தேக்சா அடுப்பின்மேலேயே இருந்தது. அடியில் கங்கு இன்னும் கனன்றது. தண்ணீர் ஊற்றி ஊறவைக்கலாம் என்று குனிந்தேன். அழுகை வந்தால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஏமே! கொங்கு! கொங்கு!"

என்னவென்று புரிவதற்குள் என் முந்தானையைப் பிடித்து யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். தடுமாறித் திரும்பினால் அத்தை. என் சேலைத் தலைப்பு, அத்தை கத்திய அந்தக் கொங்கு, கங்கின்மேல் விழ இருந்திருக்கிறது. அடுத்த நொடி அந்த மனுஷி வாயைத் திறந்தார்.

அப்படி ஒரு திட்டை நான் என் அம்மாவிடம்கூட வாங்கியதில்லை. மூச்சு விடாமல், நிறுத்தாமல், தெலுங்கில். முந்தானையைச் செருகிக்கொண்டு வேலை செய்யத் தெரியாதா, கண் எங்கே இருக்கிறது, நெருப்புக்குப் பக்கத்தில் என்ன யோசனை, அத்தனை பேருக்கும் போட்டாயே உனக்கு ஒரு வாய் எடுத்து வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். அது காலியாக இருந்ததும் இன்னொரு மடங்கு ஏறியது. கையிலிருந்த தட்டைத் துவைக்கிற கல்லின்மேல் ணங்கென்று வைத்தார். பாதிச் சொற்களை விழுங்கினார், மீதிக்கு முறைத்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்பது முழுதாகப் புரிந்தது.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று தெலுங்கில் சொல்ல நினைத்து, "நேனு சூடலேவு" என்றேன் கோபமாக.

அத்தை திட்டை ஒரு நொடி நிறுத்தினார். "லேவு காது. லேது. நேனு சூடலேது" என்று திருத்தினார், லேவு இல்லையாம், லேது. திருத்திவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்தார்.

"சூடலேது" என்றேன் நான், இன்னும் கோபமாக. நான் பார்க்கவில்லை என்றால் என்ன, அதுதான் நீங்கள் பார்த்துவிட்டீர்களே என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் போட்டு எதிர்த்துப் பேசினேன். ஒரு வருஷமாகப் பொறுக்கி வைத்திருந்த வசவில் ஒன்றுகூட நடுவில் வந்து விழுந்துவிட்டது. அத்தை அதற்கு வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. நானும் விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது புகையும் இல்லை, வருத்தமும் இல்லை.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வாளியும் கையுமாக ஓடிவந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துப் பயந்துபோனார்.

"என்னம்மா சண்டை? அவளுக்குப் புரியாது, தமிழ்ல சொல்லும்மா."

அத்தை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இதி மா இத்தரி மாட்ட. நுவ்வு போரா" என்றார்.

இத்தரி என்றால் இரண்டு பேர், மாட்ட என்றால் பேச்சு. இது இரண்டு பேர் பேச்சு, நீ போடா. அது சுலபம். அதில் இருந்த 'மா'வைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அந்த வித்தியாசம் மட்டும் எனக்குப் பிடிபட்டிருந்தது: தெலுங்கில் 'மன' என்றால் நம்ம. கேட்கிற ஆளும் அதில் சேர்த்தி. 'மா' என்றால் எங்க. கேட்கிற ஆள் அதில் இல்லை. அத்தை யோசித்துச் சொல்லவில்லை, கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். எங்க ரெண்டு பேர் பேச்சு. அதில் நான் இருந்தேன், அவர் பெற்ற மகன் இல்லை.

மகன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தை என் முந்தானையை இழுத்து இடுப்பில் அழுத்திச் செருகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தார்.